வீட்டுக்கு சம்ப் உண்டு, மீனுக்கு மட்டும் கிடையாதா?

பெருங்களத்தூரில் காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் போய் நின்றாலும் ஒரு சத்தம் கேட்கும். மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் நிரம்பி, பக்கவாட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டி, கீழே நிறுத்தியிருக்கும் பைக் சீட்டின்மேல் சளசளவென்று விழும் சத்தம். அடுத்த நொடியே எதிர்வீட்டு பால்கனியிலிருந்து குரல் வரும்: "யக்கா, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, தண்ணி போவுது பாருங்க!"

இந்த ஊரில் சம்ப் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் மோட்டார், மீறினால் வழிய ஒரு ஓவர்ஃப்ளோ குழாய். தண்ணீர் ஏறும் குழாயைவிட வழியும் குழாய் பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்த பிளம்பரும் தூக்கத்தில்கூடச் சொல்வார். மேல் டேங்க்கில் ஓட்டை போட்டு டேங்க் கனெக்டர் மாட்டுவதை இங்கே யாரும் ராக்கெட் விஞ்ஞானமாக நினைப்பதில்லை. ஓட்டை போட்டால் டேங்க் வெடித்துவிடும் என்று பயந்து, அதற்குப் பதிலாக விளிம்பில் ஒரு வளைந்த ரப்பர் குழாயைத் தொங்கவிட்டு, வாயால் உறிஞ்சித் தண்ணீர் வரவைத்து, "இதுதாங்க ஓவர்ஃப்ளோ" என்று ஒரு பிளம்பர் சொன்னால் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அதே வீட்டு ஹாலில், நாலடி நீளத்தில் உப்புநீர் மீன்தொட்டி வைக்கும்போது மட்டும் இந்த அறிவெல்லாம் எங்கே போகிறது? தொட்டியின் பின்விளிம்பில் யூ வடிவக் குழாய் ஒன்று தொங்கும். அதை உறிஞ்சித்தான் ஓடவைத்திருப்பார்கள். கீழே ஸ்டாண்டுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பெயர் சம்ப்பாம். கடைக்காரர் சொல்லும் காரணமும் தயார்: "சார், கண்ணாடியில ஓட்டை போட்டா விரிசல் விட்டுடும் சார். இது ஃபாரின் மாடல்."

விரிசல் விடும் என்பது சுத்த டகால்டி. அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த யூ குழாய் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

யூ குழாய் ஒரு சைஃபன். இரண்டு பக்கமும் தண்ணீரில் முங்கி, நடுவில் வளைவு முழுக்கத் தண்ணீர் நிரம்பி இருக்கும்வரை ஓடும். வளைவின் உச்சியில் காற்று சேர்ந்தால் நின்றுவிடும். உப்புநீர்த் தொட்டியில் காற்றுக் குமிழிக்குப் பஞ்சமே கிடையாது. பம்ப் குமிழி தள்ளுகிறது, அலை உண்டாக்கும் கருவி தள்ளுகிறது, பாசி பகல் முழுக்க ஆக்சிஜன் விடுகிறது. இதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அந்த உச்சியில் குடியேறும். ஓட்டம் வேகமாக இருந்தால் குமிழிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் மெதுவாக இருந்தால் அவை அங்கேயே தங்கும். இதில் கொடுமை என்னவென்றால், "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று பெரிய யூ குழாய் வாங்கி மாட்டுபவருக்குத்தான் ஓட்டம் மெதுவாகி, காற்று அதிகம் சேர்கிறது. பாதுகாப்புக்காகக் கொடுத்த கூடுதல் காசு ஆபத்தை வாங்கிக்கொடுக்கிறது. இதற்கும் ஒரு மருந்து விற்கிறார்கள். உச்சியில் சின்ன டியூப் செருகி, இன்னொரு பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டுமாம். அந்தச் சின்ன பம்ப் அடைத்துக்கொண்டால்? அதற்கு ஒரு பம்ப்பா?

சைஃபன் நின்றுவிட்டது. கீழே இருக்கும் பம்ப்புக்கு அது தெரியாது. அது பாட்டுக்குத் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டி நிரம்பி, விளிம்பு தாண்டி, ஹால் தரைக்கு வந்து, கதவு இடுக்கில் நுழைந்து, கீழ்த்தள வீட்டு சீலிங்கில் ஈரமாகத் தெரியும். பிறகு அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்கில் முதல் அஜெண்டா என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் கொட்டினால் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால் காயும். உப்புநீரில் தண்ணீர் மட்டும்தான் காயும். உப்பு அங்கேயே உட்கார்ந்திருந்து, ஸ்டாண்டின் இரும்பையும் சுவரின் பெயிண்டையும் மெல்ல மெல்லத் தின்னும். தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், தரையிலேயே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போட்டு வைத்திருக்கும் புண்ணியவான்களின் வீட்டில் விஷயம் பெயிண்டோடு நிற்காது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அந்த ஈரத் தரையில் முதலில் கால் வைப்பவர் பெரும்பாலும் காலையில் எழுந்து ஹாலுக்கு வரும் அம்மாவாகத்தான் இருப்பார்.

தண்ணீர் வழிவது ஒரு வகை. கரண்ட் போனால் நடப்பது இன்னொரு வகை. "இப்பல்லாம் எங்கே சார் பவர் கட்?" என்று கேட்பார்கள். 2008 தொடங்கி 2014 வாக்கில்வரை தமிழ்நாடு பட்ட பாடு மாதிரி இப்போது இல்லைதான். ஆனால் பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மதியம்வரை மின்தடை என்கிற அறிவிப்பு பேப்பரில் வராமல் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நெடுங்குன்றம் பக்கம் ரோட்டில் முதலை ஒன்று நடந்துபோன வீடியோவை ஊரே பார்த்தது. முதலை ரோட்டுக்கு வரும் ஊரில் கரண்ட் போகாது என்று நம்பி பிளம்பிங் செய்பவரை என்னவென்று சொல்வது? :-)

கரண்ட் போனதும் பம்ப் நிற்கும். பம்ப்பிலிருந்து மேலே போகும் குழாய் இப்போது தலைகீழாக ஒரு சைஃபன் ஆகிவிடும். அந்தக் குழாயின் வாய் மேல் தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் முங்கியிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரும் சம்ப்புக்கு இறங்கும். இது விதியில்லை, வெறும் கணக்கு. ஆறாங்கிளாஸ் கணக்கு.

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்பது 5.4 லிட்டர். "அழகா தெரியணும், குழாய் வெளியில தெரியக்கூடாது" என்று அந்த வாயை 15 செ.மீ. ஆழத்தில் வைத்திருக்கிறார்கள். ஆக, இறங்கும் தண்ணீர் 81 லிட்டர். கீழே சம்ப் 90 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதில் 25 செ.மீ. அளவுக்கு ஏற்கெனவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் 15 செ.மீ.யில் பிடிப்பது 47 லிட்டர். மீதி 34 லிட்டர் எங்கே போகும்? தரைக்கு. குடிக்கிற தண்ணீர் கேன் கணக்கில் சொன்னால் ஒன்றரை கேனுக்கும் மேல். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்கு நாலு எஞ்சினியர் இருக்கும் ஊரில்தான் இந்தக் கணக்கைப் போடாமல் தொட்டி வைக்கிறார்கள்.

அதே குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்தால் இறங்குவது 11 லிட்டருக்குப் பக்கம். ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் நிற்பதையும் சேர்த்தால் 15 லிட்டர் வாக்கில் வரும். சம்ப் சும்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். செலவு? குழாயைக் கொஞ்சம் குட்டையாக வெட்டுவதுதான் செலவு.

இதைச் செய்யாமல் "நான்-ரிட்டர்ன் வால்வு போட்டாச்சு, பயமே இல்லை" என்று சொல்லும் கோஷ்டி ஒன்று உண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வே மணல் சிக்கினால் பிடிக்காமல் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இதையும் சொல்கிறார்கள். உப்புநீரில் அந்த வால்வின் நாக்கில் சுண்ணாம்பு படியும், பாசி ஒட்டும், குட்டி நத்தை போய் உட்காரும். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை உண்டாக்கிவிட்டு, ஏழாவது மாதம் ஒரு ராத்திரி கை விரிக்கும். குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டுக் காற்று நுழையவிடுவது இதைவிட நல்ல வழி. அதையும் வாரம் ஒருமுறை பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால் பாசி அடைத்துவிடும். எனவே இந்த இரண்டும் இல்லாமலேயே சம்ப்பில் இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் எது போட்டாலும் போனஸ்.

சரி, கண்ணாடி விரிசல் கதைக்கு வருவோம்.

டஃபன்டு கண்ணாடியில் ஓட்டை போட முடியாது. போட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டும். இது உண்மை. ஆனால் சென்னையில் ஆர்டர் கொடுத்துச் செய்யும் தொட்டிகள் பெரும்பாலும் சாதாரண ஃப்ளோட் கண்ணாடி. அதில் வைரத்தூள் பதித்த வட்ட பிட் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல் மெதுவாகச் சுற்றினால் ஓட்டை விழும். விளிம்பிலிருந்து குறைந்தது அந்த ஓட்டையின் விட்டம் அளவாவது தள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். வாஷ் பேசின் கண்ணாடிக்கும் ஷோரூம் கதவுக் கண்ணாடிக்கும் தினமும் ஓட்டை போடும் கண்ணாடிக் கடைகள் ஜிஎஸ்டி ரோடு நெடுகிலும் இருக்கின்றன. தொட்டி ஒட்டுவதற்கு முன்பே, பின்பக்கக் கண்ணாடியை மேஜைமேல் படுக்கப்போட்டு ஓட்டை போட்டுக்கொண்டால் பிரச்சினையே இல்லை. ஆர்டர் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். சொன்னால் யூ குழாய் விற்காது.

எத்தனை ஓட்டை? மூன்று. "ஒரு ஓட்டைக்கே பயமா இருக்கு, மூணா?" என்று அலறுவதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள்.

ஒரே ஒரு வடிகுழாய் வைத்தால் அதில் ஒரு நத்தையோ, பெயர்ந்து வந்த பாசிக்கொத்தோ போய் அடைத்துக்கொண்டால் கதை முடிந்தது. யூ குழாய்க்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் இதில் நிறையத் தரையை நனைத்துப் பாடம் கற்றிருக்கிறார்கள். ரிச்சர்ட் டர்ஸோ என்பவர் வடிகுழாயின் தலையில் ஒரு டீ மாட்டி, மேலே மூடி போட்டு, மூடியில் சின்ன ஓட்டை வைத்தார். டாய்லெட் ஃப்ளஷ் மாதிரி வந்துகொண்டிருந்த சத்தம் அடங்கியது. அவர் பெயரே அந்தக் குழாய்க்கு வந்துவிட்டது. அதன்பிறகு ஹெர்பி முறை, பீன்அனிமல் முறை என்று வந்தன. பெயர்கள் கார்ட்டூன் மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் யோசனை அபாரம்.

பீன்அனிமல் முறையில் மூன்று குழாய். முதல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, காற்றே இல்லாமல், சத்தமே இல்லாமல் ஓடும் சைஃபன். அதில் ஒரு வால்வு வைத்து, பம்ப் அனுப்பும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும்படி திருகி வைப்பார்கள். மிச்சம் இருக்கும் கொஞ்சூண்டு தண்ணீர் இரண்டாவது குழாயில், சுவர் ஓரமாக வழிந்து இறங்கும். அதில் காற்றும் கூடவே போகும். மூன்றாவது குழாயின் வாய் இன்னும் உயரத்தில். சாதாரண நாளில் அதில் ஒரு சொட்டும் போகாது. முதல் குழாய் அடைத்துக்கொண்டால் பெட்டியில் நீர்மட்டம் ஏறும். அப்போது இரண்டாவது குழாயின் காற்று டியூப் முங்கிவிடும், உடனே அதுவும் முழு சைஃபனாக மாறி ஓட ஆரம்பிக்கும். அதுவும் போதவில்லை என்றால் மூன்றாவது திறந்திருக்கிறது. மூன்றாவதில் வால்வு வைக்கவே கூடாது. மொட்டை மாடி டேங்க்கின் ஓவர்ஃப்ளோ குழாயில் யாராவது வால்வு வைப்பார்களா?

பட்ஜெட் கம்மி என்றால் ஹெர்பி முறைப்படி இரண்டு குழாய். ஒன்று வால்வோடு சைஃபன், மற்றது காலியாக இருக்கும் ஆபத்துக்கால வழி. அதற்கும் கீழே இறங்கக் கூடாது.

இங்கே உள்ளூர் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் போய் "கேட் வால்வு கொடுங்க" என்றால் பெரும்பாலும் கையில் வைப்பது பித்தளை அல்லது கன்மெட்டல். வீட்டுத் தண்ணீருக்கு அது நல்ல சரக்கு. உப்புநீர்த் தொட்டிக்கு விஷம். பித்தளையில் இருப்பது தாமிரம். அது கரைந்து வந்தால் இறால், நத்தை, கடல் சாமந்தி எல்லாம் வரிசையாகச் சாகும். மீன் கொஞ்ச நாள் தாங்கும் என்பதால், "தண்ணி நல்லாத்தான் இருக்கு, இறாலுக்குத்தான் என்னமோ ஆச்சு" என்று வீட்டுக்காரர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். கேட் வால்வு பிளாஸ்டிக்கில் கிடைக்காவிட்டால் பிவிசி பால் வால்வு போதும். நுணுக்கமாகத் திருக வராது, பொறுமை வேண்டும். மற்றபடி டேங்க் கனெக்டர், எல்போ, யூனியன், சொல்யூஷன் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. ஃபாரினும் வேண்டாம், மாடலும் வேண்டாம்.

பம்ப் விஷயத்தில் இன்னொரு கூத்து. பெரிய பம்ப் என்றால் பெரிய மனிதர் என்று நினைப்பு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, உயரமே ஏற்றாமல் அளந்தது. நாலடி ஏற்றி, மூன்று எல்போ திருப்பினால் அதில் கணிசமாகக் குறையும். இந்த அளவு தொட்டிக்கு மணிக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு லிட்டர் சம்ப் வழியாகப் போய்வந்தால் தாராளம். ஓரங்குலக் குழாயில் காற்றும் தண்ணீருமாகச் சாதாரணமாக வழிந்தாலே சுமார் இரண்டாயிரம் லிட்டர் இறங்கும் என்பதால், வடிகுழாய் எப்போதும் ஒரு படி மேலே நிற்கும். தொட்டிக்குள் அலை வேண்டுமானால் தொட்டிக்குள்ளேயே தனியாக ஒரு அலைக்கருவி வைத்துக்கொள்ளலாம். அந்த வேலையையும் சம்ப் பம்ப்பே செய்ய வேண்டும் என்று அடம் பிடித்தால் சத்தமும் குமிழியும்தான் மிச்சம்.

சிலர் மேலே ஒரு பம்ப், கீழே ஒரு பம்ப் வைத்து, இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ், எனவே சமமாக ஓடும் என்கிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையரே ஒரே வேகத்தில் சாப்பிடுவதில்லை. மணிக்குப் பத்து லிட்டர் வித்தியாசம் வந்தால்கூட ராத்திரி தூங்கி எழுவதற்குள் 80 லிட்டர் இடம் மாறிவிடும். கீழே இறங்குவது புவியீர்ப்பாகவும் மேலே ஏறுவது மட்டும் பம்ப்பாகவும் இருந்தால், பம்ப் எவ்வளவு அனுப்புகிறதோ அவ்வளவுதான் வழியும். தானாகவே சமன்படும்.

வடிகுழாய் எல்லாமே அடைத்துக்கொண்டால்கூடத் தரை நனையாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. சம்ப்பைக் கண்ணாடித் தடுப்பு வைத்து அறைகளாகப் பிரித்து, பம்ப் நிற்கும் கடைசி அறையைச் சின்னதாக வைக்க வேண்டும். 30 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், பம்ப்புக்கு மேலே 15 செ.மீ. தண்ணீர் என்றால் சுமார் 16 லிட்டர். மேல் தொட்டியில் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. காலியாக விட்டிருந்தால் அது 21 லிட்டருக்கும் மேல் பிடிக்கும். வடிகால் அடைத்துக்கொண்டாலும் பம்ப் 16 லிட்டரை ஏற்றிவிட்டு வறண்டு, காற்றைக் குடித்துக் கத்தும். கத்தட்டும். பம்ப் போனால் வேறு பம்ப். தடுப்பே இல்லாத ஒற்றைப் பெட்டியாக இருந்தால் அதே பம்ப் 47 லிட்டரை ஏற்றியிருக்கும். பாதிக்குமேல் தரையில்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, கேனிஸ்டர் ஃபில்டர் வச்சா போதாதா?" என்பது நியாயமான கேள்வி. இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் மட்டும் வைத்து, வாராவாரம் தண்ணீர் மாற்றும் ஒழுக்கமும் இருந்தால் சம்ப் இல்லாமலே ஓட்டலாம். யூ குழாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அரைகுறை சம்ப்பைவிட சம்ப்பே இல்லாதது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நாலடித் தொட்டிக்கு, அதுவும் சென்னை வெயிலில், சம்ப் ஆடம்பரம் இல்லை. ஓவர்ஃப்ளோ நீரின் மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலத்தை இழுத்துப்போகிறது. ஆக்சிஜன் உள்ளே போக வழி திறக்கிறது. புரோட்டீன் ஸ்கிம்மருக்கு ஆடாத நீர்மட்டம் கிடைக்கிறது. மே மாதம் நாற்பது டிகிரியில் ஊர் வேகும்போது சம்ப்பின்மேல் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படி ஆவியாகிப் போகும் தண்ணீரும் கடைசி அறையில்தான் குறைந்து தெரியும். அங்கே ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் உப்பின் அளவு நிலைக்கும். (போர் தண்ணீரின் புண்ணியத்தில் பெருங்களத்தூரில் ஆர்ஓ மெஷின் இல்லாத வீடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. ஆனால் அந்தக் குழாயை நேரடியாகச் சம்ப்புக்குள் விட்டு ஆட்டோமேட்டிக் ஆக்குகிறேன் பேர்வழி என்று கிளம்பாதீர்கள். வால்வு ஒருநாள் மூடாமல் போனால் கடலே நல்ல தண்ணீராகிவிடும்.)

இதெல்லாம்கூட வீட்டுக்குள் முடிகிற சமாச்சாரம். வீட்டை விட்டு வெளியே போகும் ஒரு காரணம் இருக்கிறது. கடைக்காரர்கள் வாயே திறக்காத காரணம்.

உலகம் முழுக்க உப்புநீர்த் தொட்டிக்காரர்கள் தண்ணீரைச் சுத்தமாக வைக்க நம்புவது லைவ் ராக் என்கிற கல்லை. 1961லேயே ஜகார்த்தாவின் லீ சின் எங் இந்த இயற்கை முறையைப் பற்றி எழுதினார். பவளப்பாறைத் துண்டுகள்தான் அவை. அதன் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவின் அமோனியாவைச் செரித்துவிடும். இந்தோனேசியாவில் அன்றைக்கு அது சரி. இந்தியாவில் 2001லிருந்து கட்டுமானப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் பவளம் பவளம்தான். "ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு சார், ஒரிஜினல்" என்று எந்தக் கடையில் யார் ரகசியமாக எடுத்துக் காட்டினாலும், அது மன்னார் வளைகுடாவின் எலும்பு.

மன்னார் வளைகுடா 1986லிருந்து கடல் தேசியப் பூங்கா. அதன் 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அலையைத் தடுத்த பாறை போனால் தீவு கரைந்துபோகும். ஹாலில் அழகுக்கு வைக்கும் கல் எத்தனை கிலோ என்று அந்தத் தீவு கணக்குப் பார்ப்பதில்லை.

அப்படியானால் அந்தப் பாக்டீரியாக்கள் எங்கே வாழும்? இங்கேதான் சம்ப் வருகிறது. செராமிக் வளையங்கள், நுண்துளைக் கற்கள், சிமெண்டில் செய்த செயற்கைப் பாறை என எல்லாவற்றையும் சம்ப்பின் நடு அறையில் அடுக்கலாம். நாலிலிருந்து ஆறு வாரம் காத்திருந்தால் பாக்டீரியா அங்கே குடித்தனம் தொடங்கிவிடும். வெளிநாட்டில் சம்ப் ஒரு வசதி. இந்தியாவில், சட்டத்தை மீறாமல் பெரிய தொட்டி வைக்க விரும்புபவருக்கு, அதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒழுங்கான சம்ப் இல்லாத தொட்டியை விற்றுவிட்டு, இரண்டு மாதத்தில் மீன் செத்ததும், "லைவ் ராக் போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று அடுத்த பொருளை நீட்டுவது வியாபாரம் இல்லை, உட்டாலக்கடி. மீனுக்கும் இதே நியாயம்தான். 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்து குழந்தைகள் எல்லாம் நீமோ கேட்க ஆரம்பித்தார்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கடையில் கேட்பவர்கள் எத்தனை பேர்?

சம்ப் என்பது நேற்று வந்த ஃபேஷன் என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கடல்நீர்க் காட்சியகம் திறந்தபோது, அதை அமைத்த வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட், காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கத்தைக் கீழே கட்டி, அதிலிருந்து இரவும் பகலும் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கினார். வெளிச்சம் படாததால் பாசி வளராது. தண்ணீர் அதிகம் இருப்பதால் சூடும் அழுக்கும் சட்டென்று ஏறாது. சென்னையும் இதற்குப் புதுசு இல்லை. 1909லேயே மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்த ஊர் இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டுவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலான அனுபவம் இருக்கும் ஊரில் வாயால் உறிஞ்சித் தொட்டி ஓட்டுவதுதான் வருத்தம்.

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். மூன்று ஓட்டை, மூன்று டேங்க் கனெக்டர், சில அடி குழாய், இரண்டு பால் வால்வு, சம்ப்புக்குள் மூன்று கண்ணாடித் தடுப்பு. இதோடு போர்டில் ஒரு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்துச் சுவரில் திருகி, ஒயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாது. இதையெல்லாம் சேர்த்தாலும் அலங்கார விளக்குக்குக் கொடுக்கும் காசைத் தாண்டாது. விளக்குக்குப் பேரம் பேசாதவர்கள் ஓட்டைக்குப் பேரம் பேசுகிறார்கள்.

கடைசியாக, வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு வழியே கோவளம் போய்க் கேன் கேனாகக் கடல்நீர் பிடித்து வருவதற்கோ, உப்புப் பாக்கெட்டைப் பிரிப்பதற்கோ முன்னால், ஒரு நாள் சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஓடவிட வேண்டும். சைஃபன் வால்வைத் திருகிச் சத்தம் அடங்கும்வரை பார்க்க வேண்டும். வடிகுழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் ஓரிரு செ.மீ.க்கு மேல் முங்கியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் சைஃபன் தொடங்காது. அதைச் சரிசெய்து, ஒரு குழாயின் வாயைக் கையால் பொத்திப் பார்க்க வேண்டும். இரண்டு குழாயையும் பொத்திப் பார்க்க வேண்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு மார்க்கர் பேனாவோடு சம்ப் முன்னால் உட்கார வேண்டும். தண்ணீர் ஏறி எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. திரும்பப் பிளக்கைச் செருகி, ஓட்டம் சீரானதும் கடைசி அறையில் நிற்கும் மட்டத்தில் இரண்டாவது கோடு. அந்த இரண்டாவது கோட்டுக்கு மேல் சம்ப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், முக்கியமாக "தண்ணி குறைஞ்சிருக்கே" என்று பரிதாபப்பட்டு ஒரு சொம்பு ஊற்றும் தாத்தாவுக்கு.